புது கிளட்ச் போடுவதற்கு முன் அந்த ரேம்பைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் இருக்கிறேன். போன வருடம் 2010 மாடல் லம்போர்கினி கல்லார்டோ எல்பி 560-4, இ-கியர் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஓடியது 19,000 கி.மீ. அவிநாசி ரோட்டு நெரிசலில் கொஞ்ச நேரம் ஊர்ந்தாலே கருகல் வாடை அடிக்கிறது. நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது வண்டி உதறுகிறது. சில நேரம் ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு ஒரு நொடி தாமதித்துத்தான் நகர்கிறது. காலையில் வீட்டு பேஸ்மென்டிலிருந்து ரிவர்ஸில் மேலே ஏற்றுவோம். போன வாரம் பாதி ரேம்பில் தானாகவே நியூட்ரலுக்குப் போய் நின்றுவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் செட், ஃப்ளைவீல், பம்ப் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிப் பல லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் 'காலிபரேஷன் போட்டால் போதும்' என்கிறார்கள். எங்கள் குடும்ப மெக்கானிக் 'பிளேட்டுக்குப் புது லைனிங் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்' என்கிறார். யாரை நம்புவது? செட்டிபாளையம் கரி ட்ராக்கில் இரண்டு தடவை ஓட்டினேன், அதனால்தான் போய்விட்டதா?

பதில்:

வணக்கம். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. தினமும் காலையில் பேஸ்மென்ட் ரேம்பில் ரிவர்ஸில் ஏற்றுகிறீர்கள். எஸ்டிமேட்டைப் பிறகு பார்ப்போம். அந்த ரேம்பைச் சரி செய்யாமல் எத்தனை லட்சம் செலவழித்துப் புது கிளட்ச் போட்டாலும் அடுத்த வருடம் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

இ-கியர் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் இருக்கிறது, கிளட்ச் பெடல் இல்லை, 'ஏ' பட்டனை அழுத்தினால் தானே கியர் மாற்றிக்கொள்கிறது. அதனால் இது ஆட்டோமேட்டிக் வண்டி என்று பலரும் நினைக்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்டர் இருக்கும். அங்கே வழுக்கலைத் தாங்குவது எண்ணெய். உங்கள் வண்டியில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், எண்ணெயில் நனையாத சாதாரண உலர் கிளட்ச். உங்கள் இடது கால் செய்ய வேண்டிய வேலையை ஒரு ஹைட்ராலிக் பம்பும் வால்வுகளும் ஒரு கம்ப்யூட்டரும் செய்கின்றன, அவ்வளவுதான். 1997-இல் ஃபெராரி 355 எஃப்1 மூலம் சாலைக் கார்களுக்கு வந்த ஏற்பாடு இது. லம்போர்கினி அதையே இ-கியர் என்ற பெயரில் கொடுத்தது.

மேனுவல் வண்டி ஓட்டத் தெரிந்த யாரும் ஏற்றத்தில் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஆக்சிலரேட்டரில் வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அன்றே திட்டியிருப்பார். இ-கியரில் பெடல் இல்லாததால், அதே தப்பைச் செய்கிறோம் என்பதே காலுக்குத் தெரியாது. லேசாக ஆக்சிலரேட்டரைத் தொட்டால் கம்ப்யூட்டர் கிளட்ச்சைப் பாதி மூடி, அதாவது பிளேட்டைப் பாதி மட்டும் அழுத்திப் பிடித்து, வண்டியை மெல்ல நகர்த்தும். ஓட்டுபவருக்கு அது சொகுசு. உள்ளே பிளேட் தேய்ந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு சூடாகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து வண்டி ஏறத்தாழ 1,600 கிலோ என்று வையுங்கள். ரேம்ப் எட்டடிக்கு ஓரடி ஏறுகிறது என்போம். வண்டி பின்னால் சரியாமல் நிற்க மட்டும் சக்கரத்தில் ஏறத்தாழ 1,900 நியூட்டன் விசை வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓட, அந்த விசை முழுவதும் வழுக்கும் கிளட்ச் வழியாகப் போனால், பிளேட்டில் வெப்பமாக இறங்குவது சுமார் 8 கிலோவாட். நாலு பாத்ரூம் கீசரை ஒன்றாகப் போட்டால் என்ன சூடோ, அந்தச் சூடு. அதை வாங்கிக்கொள்வதோ 215 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு சின்ன பிளேட்டுகள். வி10 எஞ்சின் சட்டென்று சுற்று ஏற வேண்டும் என்பதற்காகத்தான் கிளட்ச்சை இவ்வளவு சின்னதாக வைத்திருக்கிறார்கள். 8,000 சுற்றில் 560 குதிரைத் திறனைத் தாங்கும் அந்தக் கிளட்ச், ரேம்பில் அரை நிமிடம் வழுக்கினால் தாங்காது. ரிவர்ஸில் ஏறும்போது இன்னும் மோசம். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் இடித்துவிடுமோ என்ற பயத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவோம். அந்த நேரம் முழுவதும் கிளட்ச் பாதி மூடியே இருக்கும்.

ட்ராக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். கரி ட்ராக்கில் பிட்டிலிருந்து ஒரு முறைதான் கிளம்புகிறீர்கள். அதற்கப்புறம் கிளட்ச் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் கண நேரம் திறந்து உடனே இறுக மூடிக்கொள்கிறது. மூடிய கிளட்ச் தேயாது. 'த்ரஸ்ட்' மோடு போட்டு நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பி நண்பர்களுக்குக் காட்டியிருந்தால் அது வேறு கதை. அப்படிச் செய்திருந்தால் இனி வேண்டாம். சுற்றி ஓட்டியது மட்டும்தான் என்றால் உங்கள் டயரும் பிரேக்கும்தான் தேய்ந்திருக்கும்.

இனி அந்த மூன்று யோசனைகளுக்கு வருகிறேன்.

உங்கள் வண்டியில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கலாம். மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி அறிகுறி காட்டும். பிளேட் தேய்ந்திருக்கலாம். பிளேட் இன்னும் இருக்கும்போதே, அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்ற கம்ப்யூட்டரின் கணக்குத் தப்பியிருக்கலாம். அல்லது கிளட்ச்சை இயக்கும் ஹைட்ராலிக் அழுத்தம் குறைந்திருக்கலாம். நியூட்ரலுக்குப் போய் நின்றது என்கிறீர்களே, தேய்ந்த கிளட்ச் மட்டும் அதற்குக் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. அழுத்தம் போதாமலும் அப்படி நடக்கும். பாட்டரி வோல்டேஜ் இறங்கினாலும் நடக்கும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிகளில் பாட்டரிதான் நான் முதலில் பார்க்கிற இடம். வண்டி நிற்கும்போது மெயின்டெய்னர் சார்ஜரில் போட்டு வைக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே அதை வாங்குங்கள். மொத்தச் செலவில் மிகக் குறைவானது அதுதான்.

பம்பை நீங்களே காதால் சோதிக்கலாம். டிரைவர் கதவைத் திறந்ததும் பின்னாலிருந்து 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் இ-கியர் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம். சில நொடிகளில் நின்றுவிட வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, எதையும் தொடாமல் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். நின்ற பம்ப் கியரைத் தொடாமலே திரும்பத் திரும்ப ஓடினால், உள்ளே எங்கோ அழுத்தம் கசிகிறது, இல்லையென்றால் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் என்ற உருண்டையில் நைட்ரஜன் போய்விட்டது. அதை மாற்றாமல் விட்டால் பம்ப் ஓய்வே இல்லாமல் ஓடி எரியும், கூடவே ரிலேயும் போகும். பிறகு பம்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்பும் அதே வழியில் போகும். எஸ்டிமேட்டில் பம்ப் இருக்கிறது என்கிறீர்கள். அக்யுமுலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இ-கியர் ஆயில் டேங்கின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஊற்ற வேண்டியது டுடேலா சிஎஸ் ஸ்பீட் என்ற தனி ஆயில். பிரேக் ஆயிலோ சாதாரண ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றி 'டாப் அப்' செய்ய யாரையும் விடாதீர்கள். அளவு குறைந்துகொண்டே வருகிறது, வெளியே சொட்டு எதுவும் தெரியவில்லை என்றால், கிளட்ச்சைத் தள்ளித் திறக்கும் ரிலீஸ் பேரிங்கின் சீல் வழியாக, கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான கிளட்ச் வீட்டுக்குள்ளேயே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். எண்ணெய் பட்ட பிளேட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வழுக்கும், உதறும்.

பிளேட் தேய்மானத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஆளில்லாத நேரான சாலையில், எஞ்சின் சூடானபின், நான்காவது கியரில் 2,500 சுற்றில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். டாக்கோமீட்டர் முள் துள்ளி மேலே ஏறி, வேகம் அதோடு ஏறாமல் பின்தங்கினால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. ஒரே ஒரு தடவை செய்தால் போதும். 'சந்தேகமாக இருக்கிறதே' என்று திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் எரித்துவிடுவீர்கள்.

முக்கியமான சான்று கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. இந்த வண்டிக்குரிய டயக்னாஸ்டிக் கருவியைப் போட்டால் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று காட்டும். கடையில் கிடைக்கும் ஓபிடி ஸ்கேனரில் இது வராது. கிளட்ச் முழுதாக மூடும்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை சென்சார் பார்க்கிறது. பிளேட் மெலிய மெலிய அந்த இடம் நகரும். சதவீதம் அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே சதவீதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூடிய நிலையின் எண்ணையும், பிடிக்கும் புள்ளியின் எண்ணையும், பதிவாகியிருக்கும் ஃபால்ட் கோடுகளையும் சேர்த்துப் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. புது கிளட்ச் போட்டதும் கணக்கைப் புதிதாகத் தொடங்கச் சொல்லும் ஒரு செட்டிங் உண்டு. பழைய பிளேட்டை வைத்துக்கொண்டே அந்த செட்டிங்கைச் செய்துவிட்டால் திரையில் நல்ல சதவீதம் தெரியும். செகண்ட் ஹேண்ட் வண்டியில் இதை யோசித்தே ஆக வேண்டும். நீங்கள் வாங்கும்போது இந்த அறிக்கையை வாங்கினீர்களா என்று கடிதத்தில் இல்லை. பழைய சர்வீஸ் பில்களில் கிளட்ச் எப்போது மாற்றப்பட்டது என்று தேடுங்கள். 19,000 கி.மீ. என்பது கிளட்ச் விஷயத்தில் எதையும் சொல்லாது. மும்பை நெரிசலில் 8,000 கி.மீ.க்குள் கிளட்ச் தீர்ந்த வண்டியும் இருக்கும், நெடுஞ்சாலையிலேயே ஓடி 40,000 தாண்டிய வண்டியும் இருக்கும்.

'காலிபரேஷன் போதும்' என்பவர் சொல்வது சில நேரம் உண்மை. பிளேட்டில் பாதிக்கு மேல் மிச்சமிருந்து, உதறலும் தாமதமும் மட்டும் தொந்தரவு என்றால், பிடிக்கும் புள்ளியைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வைத்தாலே வண்டி மாறிவிடும். ஆனால் உங்கள் வண்டியில் கருகல் வாடை திரும்பத் திரும்ப வருகிறது. தேய்ந்த பிளேட்டுக்குக் காலிபரேஷன் போட்டால் ஒரு மாதம் நன்றாக ஓடும். அந்த ஒரு மாதத்தில் சூடு, பிளேட்டுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் போய்விடும். எண்களைப் பார்க்காமல் காலிபரேஷன் போடுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். எண்களைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவருக்கும் இதுவே பொருந்தும்.

உங்கள் குடும்ப மெக்கானிக் யோசனைக்கு என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதுதான். அவர் கைத்திறனைக் குறைத்துச் சொல்லவில்லை. கோவைப் பட்டறைகளில் லைனிங், அதாவது பிளேட்டின் மேல் உராயும் படலம், ஒட்டி, ரிவெட் அடித்து, லாரிகளும் டிராக்டர்களும் வருடக்கணக்கில் ஓடுகின்றன. அந்த எஞ்சின்கள் 2,500 சுற்றில் ஓடுபவை. உங்கள் எஞ்சின் 8,000 சுற்றைத் தாண்டும். அந்தச் சுற்றில் 215 மி.மீ. பிளேட்டின் விளிம்பு நொடிக்கு 90 மீட்டர், அதாவது மணிக்கு 320 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. ஒட்டிய லைனிங் அந்த வேகத்தில் பிய்ந்து பறந்தால் கிளட்ச் வீட்டையே உடைத்துக்கொண்டு வரும். உங்கள் சீட்டுக்குப் பின்னால் எஞ்சின், அதற்குப் பின்னால் அந்தக் கிளட்ச். தடிமன் துளி மாறினாலும் கம்ப்யூட்டரின் கணக்கும் தப்பும். அவரிடம் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். பாட்டரி, பிரேக், சஸ்பென்ஷன் புஷ் வேலைகளுக்கு அவரையே வைத்துக்கொள்ளுங்கள்.

கெவ்லார் என்ற வலுவான இழையில் செய்த லைனிங் உள்ள கிளட்ச் போடலாமா என்று அடுத்து உங்களிடம் யாராவது சொல்வார்கள். தயாரிப்பாளர் முழு செட்டாகக் கொடுத்தால் அதுவும் ஒரு வழிதான், ஆயுளும் கூடலாம். ஆனால் அது பழகி உட்கார நிறைய கி.மீ. எடுக்கும், அதுவரை உதறலும் இருக்கலாம். உதறல் பிடிக்காமல் எழுதியிருக்கும் உங்களுக்கு ஒரிஜினல் செட்டையே சொல்வேன்.

அறிக்கையில் பிளேட் தீர்ந்துவிட்டது என்று வந்தால் அரைகுறையாக வேலை செய்யாதீர்கள். இந்த வண்டியில் எஞ்சின் நடுவில், கியர்பாக்ஸ் அதற்குப் பின்னால். கிளட்ச்சைத் தொட பின் பம்பர், சைலன்சர், வெப்பத் தகடுகள், ஆக்சில்கள், முன் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட் எல்லாவற்றையும் கழற்றி கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும். இவ்வளவு கழற்றியபின் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, ரிலீஸ் பேரிங் சீல் மூன்று மாதத்தில் கசிந்தால் இதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டிவரும். கிளட்ச் செட்டோடு ரிலீஸ் பேரிங், அதன் சீல்கள், அங்கிருக்கும் சென்சார், கிராங்க் பின் ஆயில் சீல் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஃப்ளைவீலை மட்டும் கண்ணால் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். கியர்பாக்ஸை இறக்கியதும் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள், நேரில் போங்கள். கிளட்ச் வீட்டுக்குள் கருஞ்சாம்பல் தூள் படிந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டு ஃப்ளைவீல் முகத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் நல்லது. நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தால் அந்த இடங்கள் அளவுக்கு மேல் சூடாகி இறுகிவிட்டன என்று பொருள். மயிரிழை விரிசல்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடினால் மறுபேச்சில்லாமல் மாற்ற வேண்டும். நீலத் திட்டு இருந்தாலும் நான் மாற்றவே சொல்வேன். அதன்மேல் புது பிளேட்டை வைத்தால் முதல் நாளே உதறும். திட்டோ விரிசலோ இல்லை, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் தடிமன் இருக்கிறது என்றால், அந்தப் பணம் உங்களுக்கு மிச்சம்.

வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் புது கிளட்ச் செட்டிங், பிடிக்கும் புள்ளியைக் கற்பிக்கும் வேலை இரண்டும் நடந்ததற்கான பிரின்டை, முதலில் எடுத்த பிரின்டோடு சேர்த்துக் கேளுங்கள். பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் 500 கி.மீ. மென்மையாக ஓட்டிவிட்டு, பிடிக்கும் புள்ளியை மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், வண்டியை முழுதாக மேலே ஏற்றும் படுக்கை லாரியில் அனுப்புங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இது. முன்னாலோ பின்னாலோ இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்தால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் விஸ்கஸ் கப்ளிங் போய்விடும். கியரில் மாட்டிக்கொண்டு சக்கரம் உருளாவிட்டால் சங்கிலி போட்டு இழுக்க விடாதீர்கள். சக்கரங்களுக்குக் கீழே உருளைத் தட்டு வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

இனி ரேம்ப். இரவில் வீட்டுக்கு வரும்போதே வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் பேஸ்மென்டுக்குள் இறக்குங்கள். இறக்கத்தில் எடையே வண்டியைக் கொண்டுபோகும், நீங்கள் பிரேக்கில் கட்டுப்படுத்தினால் போதும், ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். காலையில் முன்பக்கமாக, முதல் கியரில், கேட் முழுதாகத் திறந்தபின், சாலையில் ஆள் இல்லை என்று வாட்ச்மேன் கை காட்டியபின் கிளம்பி, நிற்காமல் ஒரே மூச்சில் மேலே ஏறுங்கள். தயங்காமல் மிதித்தால் கிளட்ச் சட்டென்று மூடிக்கொள்ளும். தயங்கித் தயங்கி மிதிப்பதுதான் அதைக் கொல்கிறது. திருப்ப இடமில்லை என்றால், தெருவிலிருந்தே ரிவர்ஸில் நுழைய முடியுமா என்று பாருங்கள். வண்டியை எடுத்து வைப்பது டிரைவர் என்றால் இதை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை செய்து காட்டுங்கள்.

லட்சுமி மில்ஸ் சிக்னல் மாதிரி இடங்களில் இரண்டு பேடிலையும் ஒன்றாக இழுத்து நியூட்ரலில் நில்லுங்கள். முதல் கியரில் பிரேக் மிதித்து நின்றால் ரிலீஸ் பேரிங் முழு பாரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். முன்னால் வண்டி இரண்டடி நகர்ந்தால் நீங்களும் இரண்டடி நகர வேண்டியதில்லை. ஒரு கார் நீளம் இடம் விழட்டும், பிறகு ஒரே தடவையில் நகருங்கள். பின்னாலிருப்பவர் ஹார்ன் அடிப்பார், அடிக்கட்டும். நெரிசலில் 'ஏ' மோடு வேண்டாம். குன்னூர் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் வண்டிகள் தேங்கினால் பிரேக்கில் மட்டும் நில்லுங்கள், ஆக்சிலரேட்டரில் தாங்காதீர்கள். கருகல் வாடை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

விற்றுவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் ஓட்டத்தில் பெரும் பகுதி ஊருக்குள்தான் என்றால், 2014-இல் வந்த ஹுராகான் போன்ற இரட்டைக் கிளட்ச் வண்டி உங்களுக்கு நிம்மதி தரும். கல்லார்டோ விடியற்காலையில் எடுத்து நெடுஞ்சாலையில் விட்டு, நெரிசல் தொடங்கும் முன் வீடு திரும்புவதற்கு ஏற்ற வண்டி. அப்படி ஓட்ட முடியும் என்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டரியைப் பாருங்கள், பம்பின் சத்தத்தைக் கேளுங்கள், பிறகு அறிக்கையை எடுங்கள். தேய்மான சதவீதம், மூடிய நிலை, பிடிக்கும் புள்ளி, ஃபால்ட் கோடுகள், இவை நான்கும் உள்ள பிரின்டை எனக்கு அனுப்பினால், எஸ்டிமேட்டில் எந்த வரியை அடிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதீர்கள்.